பஸ் சாவியை வாங்கிக்கொண்ட கோச்

அந்த வாலிபால் அணியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலுவலகத்துக்கு அவர் மேடம், ஆட்டக்காரர்களுக்கு அக்கா, காலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தும் ரசிகர்களுக்கு விசிலக்கா. இத்தனைக்கும் கழுத்தில் தொங்கும் விசிலை அவர் வாயில் வைத்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு விரலை நாக்குக்கடியில் மடித்துவைத்து ஒரு சீட்டி அடிப்பார். அரங்கத்தின் மறுகோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவனுக்குப் புரையேறும்.

ஆண்கள் அணிக்கு ஒரு பெண் கோச். தொழில்முறை லீக்கில் அதற்கு முன்னால் அப்படி ஒருவர் இருந்ததில்லை. அவர் ஒன்றும் குறுக்கு வழியில் அங்கே வந்து சேரவில்லை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகள் டயர் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தொழிற்சாலை அணிக்கு ஆடினார். ஆடியது செட்டர் இடத்தில். வலைக்கு மேலே பந்தைப் பதமாகத் தூக்கிக் கொடுப்பதுதான் செட்டரின் வேலை. ஓங்கி அடித்துப் பாயிண்ட் எடுப்பவள் இன்னொருத்தி. மறுநாள் பேப்பரில் அடித்தவளின் படம் பெரிதாக வரும். தூக்கிக் கொடுத்தவளின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும். அப்படி முழங்கை தெரிந்த படங்களையெல்லாம் அப்பா கத்தரித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் "இது எம்பொண்ணு கை" என்று காட்டுவார்.

முழங்கால் தேய்ந்து ஆட முடியாமல் போனதும் பயிற்சியாளர் படிப்பு முடித்து, இந்தக் கிளப்பில் உதவிக் கோச்சாகச் சேர்ந்தார். உதவிக் கோச் என்றால் பந்து மூட்டை தூக்குவது, வலை கட்டுவது, தலைமைக் கோச் கோபப்பட்டுப் போன பிறகு ஆட்டக்காரர்களைச் சமாதானப்படுத்துவது. பல சீசன் அதையே செய்தார்.

தலைமைக் கோச்சின் நாற்காலி அவருக்குக் கிடைத்தது இன்னொருவர் விழுந்ததால்தான். வெளியூர் ஆட்டத்துக்குப் போன இடத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் ஹோட்டல் வரவேற்பறையிலேயே கட்டிப் புரண்டு சண்டை போட்டார்கள். அப்போதைய கோச் அதை வெளியே தெரியாமல் பூசி மெழுகப் பார்த்தார். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சண்டை போட்ட இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் இறங்கிவிட்டார்கள். கோச்சைக் கிளப் கைகழுவிவிட்டது. அவர் இப்போது விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ எடுத்துக் கொடுக்கிறார்.

அந்தச் சூட்டோடுதான் லீக்கின் எல்லாக் கிளப்புகளும் கோச்சுகளின் புது ஒப்பந்தத்தில் ஒரு விதியைச் சேர்த்தன. ஆட்டக்காரர்களின் நடத்தைக்குக் கோச்சே பொறுப்பு. அதனால் கிளப்பின் பெயர் கெட்டால் கோச்சை உடனடியாக நீக்கலாம். அக்காவுக்கு வந்த ஒப்பந்தத்தை அவருடைய கணவர் இரண்டு தரம் படித்தார். அவருக்குப் பல் கட்டும் வேலை. வீட்டு முன்னறையே பட்டறை. மேசை நிறைய வெள்ளை வெள்ளையாகப் பல் அச்சுகள் சிரித்துக்கொண்டிருக்கும்.

"அவனுங்க தப்புப் பண்ணா உன் வேலை போகுமா?"

"ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்ப நான் கட்டின பல்லை மாட்டிக்கிட்டு ஒருத்தன் யாரையாவது கடிச்சு வெச்சா, என்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்களா?"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அக்கா கையெழுத்துப் போட்டார். இத்தனை நாள் மூட்டை தூக்கியவருக்குக் கதவு திறந்திருக்கிறது; வாசற்படி கோணலாக இருக்கிறது என்று திரும்பிவிடவா முடியும்?

அவர் கைக்கு வந்த பிறகு அணி நிமிர்ந்தது. கடைசி இடத்தில் கிடந்தது மூன்றாவது சீசனில் அரையிறுதிவரை வந்தது. அதில் பெரும் பங்கு பீரங்கிக்கு. அணியில் ஓங்கி அடிப்பவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் அது. அவன் அடித்த பந்தைத் தடுத்த கைகள் மறுநாள் டீ கிளாஸைப் பிடிக்கத் திணறும். கிளப் முதலாளிக்குப் பெயின்ட் கம்பெனி இருந்தது. பீரங்கியின் சிரித்த முகம் ஒவ்வொரு பெயின்ட் டப்பாவிலும் இருந்தது. அதுவே அவன் தலைக்கேறிவிட்டது. ஹோட்டல் பணியாட்களை வாய்க்கு வந்தபடி திட்டுவான். துண்டு கொண்டுவரத் தாமதமானால் முகத்திலேயே திருப்பி எறிவான். அக்கா ஒவ்வொரு தடவையும் கண்டித்தார், பயிற்சியிலிருந்து ஒதுக்கி உட்காரவைத்தார். ஒவ்வொரு தடவையும் மேலிடத்திலிருந்து போன் வரும்: "மேடம், கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

விட்டுப் பிடித்ததன் பலன் ஒரு மத்தியானம் தெரிந்தது.

கால் இறுதியில் ஜெயித்துவிட்டு அணியின் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியபோது அக்கா தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். திரும்பி வந்து பார்த்தால், பஸ் டிரைவர் தன் இருக்கையில் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறார். விரலிடுக்கில் ரத்தம். மூக்குக்கண்ணாடி கால்மாட்டில் நொறுங்கிக் கிடக்கிறது. அத்தனை நேரம் பாட்டும் கூத்துமாக இருந்த பஸ்ஸில் ஒரு சத்தமில்லை.

"என்னாச்சு அண்ணே?"

"தடுக்கி விழுந்துட்டேன்மா."

"சீட்ல உக்காந்துக்கிட்டே தடுக்கினீங்களா?"

அக்கா அவர் கையை மெல்ல விலக்கினார். புருவம் கிழிந்திருந்தது. "கண்ணு தெரியுதா? என் கை தெரியுதா?"

"தெரியுது."

"சாவியைக் குடுங்க."

சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் நடுவில் போய் நின்றார்.

"யார் கை வெச்சது? சொல்ற வரைக்கும் வண்டி நகராது. எனக்கு அவசரமில்ல."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர்கள் பார்த்தபடியே இருந்தார்கள். அரையிறுதி தலைக்கு மேலே தொங்குகிறது. ஒரு பெயரைச் சொன்னால் கோப்பை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். கேப்டன்தான் கடைசியில் எழுந்தான். அவனும் செட்டர், அக்காவைப் போலவே பேப்பரில் முழங்கை மட்டும் தெரிகிறவன். வாயைத் திறக்கப் போனான். அதற்குள் பின்னாலிருந்து பீரங்கியே பேசினான்.

"நான்தான். இப்ப என்ன? என் ஃப்ரெண்ட் வீடு வழியிலதான் இருக்கு, அஞ்சு நிமிஷம் நிறுத்துன்னேன். முடியாதுங்கறான். யாருன்னு நெனச்சான் என்னை?"

"நீ யாருன்னு அவருக்கு நல்லாத் தெரியும். உன்னை அரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றவர் அவர்தான்," என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. "உனக்குத்தான் அவர் யாருன்னு தெரியல."

வேறு வண்டி பிடித்து டிரைவரைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டக்காரர்கள் வெயிலில், அசையாத பஸ்ஸில், மாற்று டிரைவர் வரும்வரை காத்துக் கிடந்தார்கள். கண்ணாடிச் சில்லிலிருந்து கண் மயிரிழையில் தப்பியிருந்தது. தையல் போட்டுக்கொண்டு வந்த டிரைவர், "என் பேரை இழுக்காதீங்கம்மா, நான் கான்ட்ராக்ட் ஆளு," என்றார். அக்கா அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "நானும் கான்ட்ராக்ட் ஆளுதான் அண்ணே," என்றார்.

மறுநாள் கிளப் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் முதலாளி தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

"மேடம், டிரைவருக்கு வேண்டியதைச் செஞ்சிடலாம். விழுந்துட்டாருன்னு முடிச்சிருவோம். அரையிறுதி முடியட்டும்."

"ஆட்டக்காரன் கைநீட்டினா லீக்குக்குத் தெரியப்படுத்தணும். அது விதி."

"ஒப்பந்தத்துலயும் ஒரு விதி இருக்கு. விஷயம் வெளிய வந்தா யார் தலை உருளும்னு உங்களுக்கே தெரியும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். பல் கட்டி வரும் வருமானத்தில் மட்டும் வீடு ஓடாது. இன்னொரு ஆண்கள் அணி தன்னைக் கூப்பிடும் என்பதும் நிச்சயமில்லை. 'பொம்பளைக்கு அடக்கத் தெரியல' என்று சொல்வதற்கு வாயைத் தயாராக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

அக்கா நேராக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார். பழைய கோச் ஒரு வாடிக்கையாளரின் காலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, முழுவதையும் கேட்டுவிட்டு, ஷூப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"நான் மறைச்சேன். வேலை போச்சு. நீங்க சொல்லப் போறீங்க. உங்களுக்கும் போகும்," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்த ஹோட்டல்ல ரூம் பெருக்கற பொண்ணு ஒண்ணு, அந்தச் சண்டையில கண்ணாடி குத்திக் கால்ல அடிபட்டுக் கெடந்தா. நான் முதல்ல கேமரா எங்க இருக்குன்னுதான் பார்த்தேன். வேலை போனதுகூட மறந்துட்டேன். அது மறக்க மாட்டேங்குது."

அன்று சாயங்காலமே அக்கா லீக்கின் ஒழுங்கு அதிகாரியைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார். விசாரணை முடியும்வரை பீரங்கி ஆட மாட்டான் என்று தானே அறிவித்தார்.

அரையிறுதிக்கு அவனுடைய இடத்தில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பையனை இறக்கினார். சீசன் முழுக்கப் பெஞ்சைத் தேய்த்தவன். கொக்கு மாதிரி காலை மாற்றி மாற்றி நின்றான். அக்கா அவன் தோளைத் தொட்டு, "பீரங்கி மாதிரி அடிக்காத. நீ அடிக்கிற மாதிரி அடி. கேப்டன் பந்தைக் கொண்டாந்து உன் கையிலயே வெப்பான்," என்றார்.

முதல் செட் கை நழுவியது. இரண்டாவதில் என்னவோ நடந்தது. ஒரே ஆளுக்குப் பந்தைக் கொடுத்தே பழகிய அணி, இப்போது யார் அடிப்பார் என்று எதிராளிக்குத் தெரியாதபடி ஆடத் தொடங்கியது. கேப்டன் முதுகுக்குப் பின்னால் தூக்கினான், தாழ்வாகத் தள்ளினான். நெட்டை மெல்லத் தட்டிவிட்ட பந்துகள் தடுப்பவர்களின் விரல்நுனியைத் தாண்டி வெற்றிடத்தில் விழுந்தன. தரையில் விழுந்து புரண்டு பந்தைக் காப்பாற்றினார்கள். முழங்கை தோல் உரிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூட யாரும் வெளியே வரவில்லை. ஐந்தாவது செட்டில், கடைசி இரண்டு பாயிண்டில்தான் தோற்றார்கள்.

காலரியில் யாரோ ஒருவர் இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தார். இன்னொருவர். பிறகு வரிசை வரிசையாக. பாதிப் பேருக்குச் சீட்டி அடிக்கவே தெரியவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. தோற்ற அணிக்காக எழுந்து நின்று அத்தனை பேர் காற்று ஊதியதைப் பார்த்ததும், அதுவரை கல் மாதிரி நின்ற அக்கா பந்து மூட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, அவிழாத ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினார்.

மறுநாள் வேலை போயிற்று. ஒழுங்கீனத்தைத் தடுக்கத் தவறியது காரணம் என்றார்கள். பீரங்கி செய்ததைக் கிளப்பின் அறிக்கை 'சிறு வாக்குவாதம்' என்றது. வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட செக்யூரிட்டி, "மன்னிச்சிடுங்க மேடம்," என்று சல்யூட் வைத்தார். அதுவரை அவர் யாருக்கும் அப்படி வைத்ததில்லை.

வீட்டிலிருந்த நாட்கள் நெளிந்து நெளிந்து போயின. கடைத்தெருவில் பழகியவர்கள் பழகாதவர்கள் மாதிரி பார்த்தார்கள். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த மகள் பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்கம்மா டிஸ்மிஸ்ஸாமேன்னு ஒருத்தி கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மா தப்புப் பண்ணதுக்குப் போகல, உண்மையைச் சொன்னதுக்குப் போனாங்கன்னேன். வாயை மூடிக்கிட்டா."

மகள் எறிந்த பையை அக்கா எடுத்து வைத்தார். "உனக்கு அதைச் சொல்ல ஒரு இடம் இருந்துச்சு. நானும் எங்கயாவது போய்ச் சொல்லணும்ல?"

பல் அச்சைச் சுரண்டிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "போ. வேலை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். பல்லைக் கடிச்சுக்கிட்டு வீட்டுல மட்டும் உக்காராத. தேஞ்சா நான்தான் கட்டணும்."

லீக்கில் தகராறுகளை விசாரிக்க ஒரு குழு உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் அதன் தலைவர். கிளப்புக்கு எதிராக ஒரு கோச் அந்தக் குழுவிடம் போனது அதுவே முதல் தடவை. போனால் வேறெந்தக் கிளப்பும் சீண்டாது என்ற பயம் எல்லோருக்கும்.

விசாரணை அன்று கணவர் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். கிளப்பின் வக்கீல் சரளமாகப் பேசினார். "யானை மிதிச்சா பாகனைத்தான் கேப்பாங்க. ஆட்டக்காரன் அத்துமீறினா அது கோச்சோட தோல்விதான்."

நீதிபதி அம்மா அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

அக்கா எழுந்து நின்றார்.

"அம்மா, அவன் யானை இல்ல. வளர்ந்த மனுஷன். பந்தை எப்படி அடிக்கணும்னு நான் சொல்லிக் குடுத்தேன். யாரை அடிக்கலாம்னு சொல்லிக் குடுக்கல. அவன் முன்னாடி பண்ணின சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் நான் உக்கார வெச்சேன். கிளப்புதான் எழுப்பி விட்டுச்சு. அவன் கைக்கு நான் பொறுப்பு ஏத்துக்க முடியாது. அவன் கை நீட்டினப்புறம் நான் என்ன செஞ்சேன், அதுக்கு நான் பொறுப்பு. அதைக் கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்றேன்."

அடுத்து வந்தவரை அக்கா எதிர்பார்க்கவில்லை. புருவத்தில் தழும்போடு டிரைவர். கிளப் அவரை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது.

"விழுந்துட்டேன்னு முதல்ல சொன்னது நான்தாங்கம்மா. பயம். அன்னைக்கு இந்தக் கோச்சம்மா என்னைக் கேட்டது ரெண்டே விஷயம். கண்ணு தெரியுதான்னு கேட்டாங்க. அப்புறம் பஸ் சாவியைக் கேட்டாங்க. இத்தனை வருஷம் எத்தனையோ அணிக்கு வண்டி ஓட்டியிருக்கேன். எனக்காக ஒரு வண்டி நின்னது அன்னைக்குத்தான்."

அதைச் சொல்லிவிட்டு அவர் திரும்பியபோது, கதவோரம் கேப்டனும் நெட்டையும் இன்னும் சில ஆட்டக்காரர்களும் சாட்சி சொல்லக் காத்து நின்றது தெரிந்தது. அன்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர்கள் எல்லோரும் இன்று நேராகப் பார்த்தார்கள். பின்வரிசையில் கணவர் கைக்குட்டையால் மூக்கைச் சிந்திய சத்தம் அந்த அறைக்கே கேட்டது.

தீர்ப்பு வந்தது. நீக்கியது செல்லாது, நடந்த தவறை மறைக்காமல் லீக்குக்குத் தெரியப்படுத்திய கோச்சை, அந்தத் தவறைக் காட்டி எந்தக் கிளப்பும் வெளியே அனுப்பக் கூடாது, எல்லா ஒப்பந்தங்களிலும் அந்த விதியைத் திருத்த வேண்டும். பீரங்கிக்கு அடுத்த சீசனில் பாதிக்கு மேல் தடை. கிளப் அவனை வேறு அணிக்கு விட்டுக் கொடுத்தது. பெயின்ட் டப்பாவில் இப்போது ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது.

செய்தி கேட்டுப் பழைய கோச் போன் செய்தார். "கடையில புதுப் பந்து வந்திருக்கு. உங்க பசங்களுக்கு அனுப்பறேன்," என்று சொல்லிவிட்டு, "பில்லோடதான்," என்றார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளியே அரங்கத்துக்கு வந்தார். முகத்தில் இஷ்டமில்லை, கையை மட்டும் நீட்டினார். "என் விளம்பரத்தையே கெடுத்துட்டீங்க மேடம்."

"ஈரம் இருக்கிற சுவத்துல பெயின்ட் அடிச்சா நிக்காது சார். உங்களுக்குத் தெரியாததா?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அந்த அணி அக்காவின் காலத்தில் கோப்பை வாங்கவில்லை. ஒரு தடவை இரண்டாவது இடம்வரை போனது, அவ்வளவுதான். ஆனால் கோச்சுகளின் கூட்டங்களில் அவர் உள்ளே நுழைந்தால், அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட எழுந்து நாற்காலி நகர்த்திக் கொடுப்பார்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் அந்தத் திருத்தம் யாரால் வந்தது என்று தெரியும். கணவர் இந்தக் கதையைத் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதில் சலிப்பதே இல்லை. வாயில் மாவு வைத்து அளவெடுக்கும்போது அவர்களால் குறுக்கே பேசவும் முடியாது.

தடை முடிந்து பீரங்கி வேறு சட்டையில் அவர்களுக்கு எதிராக ஆட வந்தான். அன்று நன்றாக ஆடினான்; ஜெயித்ததும் அவன் அணிதான். ஆட்டம் முடிந்து வலைக்குக் கீழே குனிந்து இந்தப் பக்கம் வந்தான். அக்காவுக்கு முன்னால் நின்று, ஈரத் துண்டைக் கையில் முறுக்கினான்.

"அக்கா... டிரைவர் அண்ணன் எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு. என்னை ஏன் கேக்கற? பஸ் வெளியதான் நிக்குது. போய் அவரையே கேளு."

போவானா என்று அவருக்குத் தெரியவில்லை. பந்துகளை எடுத்து மூட்டையில் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் வாசல்வரை போனான், நின்றான், பிறகு வெளியே இறங்கினான். அங்கே என்ன பேசினார்கள் என்று அக்கா பின்னால் டிரைவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தபோது, பஸ்ஸின் கண்ணாடி வழியே அவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததும், டிரைவர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்ததும் மட்டும் தெரிந்தது.

"போலாமா அக்கா?" என்று நெட்டை பின்னாலிருந்து கேட்டான்.

"கொஞ்சம் பொறு," என்றார் அக்கா. "அவன் டீயைக் குடிச்சு முடிக்கட்டும்."